இழந்ததை அறியாத பறவை

விலங்குகளை அறத்தின் எல்லைக்குள் கொணர்வதற்குத் துன்புறும் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்டவர் ஜெரமி பெந்தாம். 1789 ஆம் ஆண்டு வெளியான அவரது நூலைப் படித்தோர் பலர், துன்பம் இல்லாதவிடத்துத் தீங்கும் இல்லை என்று கொள்வர். இக்கொள்கையைச் சோதிப்பதற்கு ஒரு சிறு பறவை போதும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து விலங்கியலறிஞர் டபிள்யூ. எச். தோர்ப் 1950களில் சாஃபிஞ்ச் என்னும் பாடற்பறவையின் குஞ்சுகளை, முதிர்ந்த பறவைகளின் பாட்டு எட்டாத இடத்தில் வளர்த்தார். அவற்றுக்கு உணவு குறையவில்லை. உடலில் ஊனம் எதுவும் செய்யப்படவில்லை. (செவிப்புலனை அழித்து ஆராய்ந்தோரும் பின்னர் இருந்தனர், அது வேறு வழக்கு.) இளவேனிலில் பகல் நீளும்போது ஆண்பறவையின் விதைகள் பருக்கின்றன, அவை சுரக்கும் தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஓமோன் பாடத் தூண்டுகின்றது. தனித்து வளர்ந்த பறவைகளும் அவ்வாறே பாடின. பாட்டின் நீளம் ஏறத்தாழச் சரியாகவே இருந்தது. ஆனால் அது தொடர்களாகப் பகுபடவில்லை. இறுதியில் வரும் அலங்கார முடிப்பையும் காணோம். உடல் தன் பங்கைச் செய்தது; முதியவை தரவேண்டிய பங்கே வந்து சேரவில்லை.

தோர்ப் இரக்கமற்றவர் அல்லர். பண்ணை விலங்குகளின் நலன் பற்றி 1965 இல் அறிக்கை சமர்ப்பித்த பிரித்தானியாவின் பிராம்பெல் குழுவில் அவரும் ஓர் அங்கத்தவர். வலியோடு, இயல்பான நடத்தை தடைப்படுவதையும் அவ்வறிக்கை கருத்திற் கொண்டது. இது பெந்தாமின் அளவுகோலினும் விரிந்தது. எனினும் கூண்டிலிருந்த சாஃபிஞ்ச் இதற்குள்ளும் அடங்கவில்லை. பாடும் உந்தல் எழுந்தது, அது பாடிற்று, எவரும் தடுக்கவில்லை. தான் எதனை இழந்தது என அறிவதற்கும் அதற்கு வழியில்லை.

அவ்வாறாயின் இழப்பு எங்கே உள்ளது? பறவையின் உள்ளத்துள் தேடுவோர் அதனைக் காணமாட்டார். பாட்டு, எல்லையைக் காக்கவும் துணையை அழைக்கவும் எழுவது. கேட்போரை வேண்டி நிற்பது. பாடற் சிட்டுக்கள் பற்றி 1985 இல் வெளியான ஆய்வொன்று, தனித்து வளர்ந்தவற்றின் பாட்டுக்கு ஏனைய பறவைகள் குறைவாகவே பதிலளித்தமையைக் காட்டியது. இழப்பு இந்த உறவிலேயே உள்ளது. அதனாற்றான் தோர்ப்பின் நிலையும் பின்வந்தோர் நிலையும் ஒன்றாகா. பாட்டில் எவ்வளவு பிறப்பால் வருவது, எவ்வளவு கற்றலால் வருவது எனத் தெளிவுறாத காலத்தில் குஞ்சைத் தனிமைப்படுத்தியவர், தாம் எதனைப் பறிக்கின்றார் என முற்றாக அறிந்திருக்க இயலாது. அம்முடிவைக் கையிற் கொண்டு மீண்டும் அதனையே செய்பவர் அறிந்தே பறிக்கின்றார். அவரிடம் கேட்கவேண்டிய விளக்கம் பெரிது.

அறிவு பயனற்றுப் போயிற்று என்பதற்கில்லை. தென்கிழக்கு அவுஸ்திரேலியாவில், காடழிப்பினால் சில நூறாக அருகிவிட்ட ரீஜன்ற் தேனுண்ணிப் பறவைகளுள் இளம் ஆண்கள் சில, கற்பிக்க முதியவை கிடையாமையால் வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடுகின்றன என 2021 இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அத்தகையவற்றுக்குத் துணை வாய்ப்பது அரிதாயிற்று. இங்கு எந்த ஆய்வாளரும் குஞ்சைப் பிரிக்கவில்லை; வலியும் இல்லை; ஆயினும் இனமே குன்றுகின்றது. காப்பகத்திற் பிறந்த குஞ்சுகளுக்கு இன்று தம் இனத்தின் பாட்டைக் கேட்பித்து வளர்க்க முயல்கின்றனர். பாட்டைக் கேட்கவேண்டிய பருவம் ஒன்று உண்டென்பதை அவர்களுக்கு உணர்த்தியவற்றுள், கேம்பிரிட்ஜில் பாட்டுக் கேளாது வளர்ந்த அக்குஞ்சுகளும் அடங்கும்.