உரசிப் பார்க்கும் உரிமை

தமிழில் 'ஏமாறு' தன்வினை, 'ஏமாற்று' பிறவினை. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். ஆனால் வீட்டிலும் தெருவிலும் இந்த இரண்டு வினைகளும் எப்படிப் புழங்குகின்றன என்று கவனித்தால் வேறொரு பாடம் கிடைக்கும். "அவன் ஏமாற்றிவிட்டான்" என்று சொல்ல வேண்டிய இடங்களில் "அவள் ஏமாந்துவிட்டாள்" என்கிறோம். ஏமாற்றியவன் வாக்கியத்தைவிட்டே வெளியேறிவிடுகிறான். எழுவாயாக அவள் மட்டும் நிற்கிறாள், ஏதோ அவளே செய்த வினைபோல. காதலில், திருமணத்தில், சீட்டுப் பணத்தில், நகைக்கடையில் என எங்கும் இதே வாக்கிய அமைப்புதான். அந்த வாக்கியத்துக்கு அஞ்சித்தான் பல பெண்கள் தமக்கு நேர்ந்ததை வெளியில் சொல்வதில்லை.

இறுதியாண்டு மாணவிகள் சிலர் ஒருநாள் என்னிடம் கேட்டார்கள்: "அம்மா, முதன்முதலா சொந்தக் காசுல ஒரு தங்கக் காசு வாங்கணும். ஏமாறாம வாங்குறது எப்படி?" நான் பதில் சொல்லத் தொடங்கியதும் அவர்களில் ஒருத்தி தயங்கியபடி இன்னொன்று கேட்டாள்: "அவ்வளவு கேள்வி கேட்டா, கடைக்காரர நம்பாத மாதிரி இருக்காதாம்மா?" முதல் கேள்விக்கு விவரம் தெரிந்தவர் யாரும் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி அறம் சார்ந்தது. ஒருவரைச் சந்தேகிப்பது அவரை அவமதிப்பதாகுமா? நம்புவது எப்போதுமே நற்குணம்தானா?

முதல் கேள்விக்கான பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 24 காரட் என்றால் தூய தங்கம்; காசில் 999 அல்லது 995 என்று பொறித்திருக்கும். 22 காரட் என்றால் 916, அதாவது ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மிச்சம் வேறு உலோகம். எட்டு கிராம் 22 காரட் காசில் இருக்கும் தூய தங்கம் ஏறக்குறைய 7.33 கிராம்தான். இரண்டுக்கும் அன்றன்றைய விலை வேறு வேறு. 22 காரட் காசை 24 காரட் விலைக்கு வாங்கிவிடாமல் இருக்க, எந்தக் காரட், கிராம் என்ன விலை என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். காசைத் தராசில் வைக்கும்போது உறையோடு வைத்தால் உறையின் எடைக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நேரலாம். நகைக்குப் போடுவதுபோல் காசுக்குச் செய்கூலி, சேதாரம் என்று சதவீதம் சொன்னால் எதற்கு என்று கேட்க வேண்டும். தங்கத்துக்கு 3 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அது பில்லில் தனியாகத் தெரிய வேண்டும். பில் வாங்குபவளின் பெயரில் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரையும் தூய்மை எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நகையானால் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள் பொறித்திருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். வங்கியில் காசு வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: விற்ற காசை வங்கி திரும்ப வாங்கிக்கொள்ளாது.

இவ்வளவும் சேர்த்து ஏழெட்டுக் கேள்விகள். கீரைக்காரம்மாவிடம் நாம் கேட்பதைவிடக் குறைவு. கட்டு சின்னதாக இருக்கிறதே, நேற்றுப் பறித்ததா, இன்னொரு கட்டுச் சேர்த்துக் கொடு என்று அவரிடம் நமக்கு வாய் ஓய்வதில்லை. கூடையைக் கிளறிப் பார்ப்போம், ஐந்து ரூபாய்க்கு நின்று வாதாடுவோம். அதே நாம் குளிரூட்டப்பட்ட கடையில், மெத்தை நாற்காலியில், கையில் கொடுத்த குளிர்பானத்தோடு உட்கார்ந்ததும் ஊமையாகிவிடுகிறோம். அங்கே கேட்பது அநாகரிகமாகத் தோன்றுகிறது. நம் சந்தேகம் எளியவர்களை நோக்கிப் பாய்கிறது, நம்பிக்கை வலியவர்களிடம் போய்ச் சேர்கிறது. ஐந்து ரூபாய்க்கு ஏமாந்துவிடக் கூடாது என்கிற எச்சரிக்கை ஐம்பதாயிரம் ரூபாயின் முன்னால் மரியாதையாக மாறிவிடுகிறது. பணிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சொல்லித்தரப்படவில்லை. அந்த மாணவியின் தயக்கத்தில் இருந்தது கடைக்காரர்மேல் வைத்த நம்பிக்கை அல்ல. கேட்கும் தகுதி தனக்கு உண்டா என்ற ஐயம் அது. அந்த ஐயம் அவளுக்குள் தானாக முளைத்ததில்லை.

பெண்ணுக்கும் தங்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது 'பெண்களுக்கு நகைப் பைத்தியம்' என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். யார் அணிகிறார்கள் என்பதை மட்டுமே பார்க்கிற பார்வை இது. யார் வாங்கினார்கள், யார் எடை பார்த்தார்கள், பில் யாரிடம் இருக்கிறது, அடகுக் கடைக்கு எடுத்துப் போனது யார், மீட்கும் நாளை யார் முடிவு செய்தார்கள் என்று அடுக்கிக் கேட்டால் வேறொரு சித்திரம் கிடைக்கும். பல வீடுகளில் நகை பெண்ணின் கழுத்தில் இருக்கும், நகையைப் பற்றிய அறிவு ஆணின் சட்டைப் பையில் இருக்கும். மணமகளின் மதிப்பைச் சொல்லப் பயன்படும் 'பவுன்', 'சவரன்' என்ற சொற்களே ஆங்கிலேய நாணயத்திலிருந்து வந்தவை. "எத்தனை பவுன் போடுறீங்க?" என்ற கேள்வியை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொள்வார்கள். சுமக்கப் போகிறவளுக்கு அந்தப் பேச்சில் இடமில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் சிலப்பதிகாரம் எனக்கு வேறு மாதிரி விரிகிறது. கண்ணகியின் கதையைக் கற்பின் கதையாகவும் ஊழின் கதையாகவும் நீதியின் கதையாகவும் வாசித்திருக்கிறோம். அது ஒரு பொருளைப் பற்றிய அறிவு யாரிடம் இருந்தது என்பதன் கதையும்தான். தன் சிலம்பின் உள்ளே மாணிக்கம் இருப்பது கண்ணகிக்குத் தெரியும். ஆனால் சிலம்பை விற்க மதுரைக் கடைத்தெருவுக்குப் போனவன் கோவலன். சிலம்புக்கு உரியவள் ஆயர் குடியிருப்பில் காத்திருந்தாள். பொற்கொல்லன் சொன்னதை அரசன் நம்பினான். யாரும் சிலம்பை உடைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. அவள் அவைக்கு வந்து உடைத்தபோதுதான் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, இவளுடையதில் இருப்பது மாணிக்கம் என்று தெரிந்தது. அதற்குள் ஓர் உயிர் போயிருந்தது. சந்தைக்குப் போக வேண்டிய அறிவு கணவனைப் பறிகொடுத்த பிறகே அவைக்குப் போக முடிந்தது.

அந்தக் கதையை வைத்துப் பொன்வேலை செய்கிறவர்கள் அனைவரையும் வஞ்சகர்களாகப் பேசுவது நம் ஊரில் நெடுங்காலமாக நடக்கிறது. பழமொழிகளும் உண்டு. அது சாதிப் பழி. உலையின் முன் உட்கார்ந்து கண் கெட வேலை செய்கிறவரைச் சந்தேகித்துவிட்டு, அவர் செய்த நகையை விளக்கொளியில் அடுக்கி விற்கிறவரிடம் கேள்வியின்றிப் பணத்தை நீட்டுவது கீரைக்காரம்மாவுக்கு நாம் செய்வதேதான். சந்தேகம் ஒருவருடைய பிறப்பின்மீது விழும்போது அது அநீதி. எடையின்மீதும் விலையின்மீதும் பில்லின்மீதும் விழும்போது அது நியாயம். உரைகல் பொன்னைத்தான் உரசும், ஆளை உரசாது.

பெண்ணுக்கு முதல் தங்கக் காசு தர அரசும் முன்வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில் 2011இல் தாலிக்கென 4 கிராம் தங்கம் சேர்க்கப்பட்டது, 2016இல் அது 8 கிராமாக உயர்ந்தது. தேவதாசி முறைக்கு எதிராகப் போராடிய, சுயமரியாதை இயக்கத்தில் நின்ற ஒருவரின் பெயரில் தாலிக்குத் தங்கம் தந்ததில் ஒரு முரண் இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்கு அது உண்மையான உதவியாக இருந்ததையும் மறுப்பதற்கில்லை. ஆனாலும் அந்தக் காசு ஒரு நிபந்தனையோடு வந்தது: அவள் மணமகளாக வேண்டும். 2022இல் அந்தத் திட்டம் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், 'புதுமைப் பெண்' என்ற பெயரில், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வருகிறது. என்னிடம் கேள்வி கேட்டவர்களில் அந்தப் பணத்தைப் பெறுகிறவர்களும் இருந்தார்கள். அதில் மிச்சம் பிடித்து ஒரு கிராம் வாங்கப் பல மாதம் ஆகும். ஆனால் அந்த ஒரு கிராமை எதற்காக, எப்போது, எந்தக் கடையில் வாங்குவது என்று அவளே முடிவு செய்வாள். தாலிக்கென்று கொடுத்த எட்டு கிராமுக்கு இல்லாத ஒன்று இந்த ஒரு கிராமுக்கு இருக்கிறது.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. பெண்ணின் சீதனம் முழுமையாக அவளுடையது, கணவன் அதற்குக் கூட்டு உரிமையாளன் அல்ல என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஜூன் முதல் தங்க நகைக்கு ஹால்மார்க் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. முத்திரை சொல்வதைவிடத் தூய்மை குறைந்திருந்தால், குறைந்த அளவுக்குரிய தொகையில் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் இரண்டு கிராமுக்குக் குறைந்த பொருளுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. சிறு வணிகருக்கும் சிறு பொருளுக்கும் சலுகை என்று அதற்குக் காரணம் சொல்லலாம். ஆனால் அரை கிராமும் ஒரு கிராமும் வாங்குகிறவர்கள் யார்? வீட்டு வேலை செய்து சேர்த்த பெண், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண், உதவித்தொகையில் மிச்சம் பிடித்த மாணவி. ஏமாந்தால் தாங்க முடியாதவர்கள் அவர்கள்தான். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அவர்கள்தான் வாய் திறந்து "முத்திரை போட்டதைக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூச்சப்படும்படி வளர்க்கப்பட்டவர்களும் அவர்களே.

எனவே அந்த மாணவிக்கு நான் சொன்னது இதுதான். கேள்வி கேட்பது நம்பிக்கைக்கு எதிரானது அல்ல. கேள்வியே கேட்க முடியாத இடத்தில் இருப்பதை நம்பிக்கை என்று அழைக்க முடியாது. அங்கே இருப்பது பயம், அல்லது பழக்கம். நேர்மையாக வணிகம் செய்கிறவருக்குக் காரட்டையும் எடையையும் விலையையும் சொல்வதில் இழப்பில்லை. சொன்ன பிறகு அவர்மேல் வரும் நம்பிக்கைக்கு ஒரு காரணம் இருக்கும். கேட்டதற்காக முகம் சுளிக்கிறவரிடம் வாங்காமல் எழுந்து வந்துவிடலாம். எழுந்து வருவதற்கும் நமக்குப் பழக்கம் வேண்டும்.

இவ்வளவு கேட்ட பிறகும் ஒருத்தி ஏமாற்றப்படலாம். தேர்ந்த வணிகர்களே ஏமாற்றப்படுகிறார்கள். அப்படி நேர்ந்தால் அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. வீட்டில் சொல்லலாம், தோழிகளிடம் சொல்லலாம், பில்லோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வெட்கம் செய்தவனுக்கு உரியது. நாமும் நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அவள் வந்து சொல்லும்போது "இப்படி ஏமாந்துட்டியே" என்று தொடங்காமல், "யார் ஏமாற்றினார்கள்?" என்று கேட்கலாம். வாக்கியத்தைவிட்டு வெளியேறியவனை அப்போதுதான் மறுபடி எழுவாயாக நிறுத்த முடியும்.