புராணமும் புதிய விளையாட்டும் – ஒரு சிந்தனை

எமது ஆலயத்தில் கந்தசஷ்டி காலத்தில் கந்தபுராண படனம் நடைபெறுவதை அடியார்கள் யாவரும் அறிவர். ஒருவர் பாடலை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். பயன் சொல்லும் பேறு பல வருடங்களாக அடியேனுக்கும் கிடைத்து வருகின்றது. கேட்க வருபவர்களோ பெரும்பாலும் எம் வயதினர். ஆகவே கடந்த வருடம் என் தங்கையின் மகன் கொப்பியும் பேனையுமாக முன்வரிசையில் வந்து அமர்ந்தபோது என் உள்ளம் குளிர்ந்தது. படனம் முடிந்ததும் அருகில் வந்து, "மாமா, தாரகனுக்கும் சிங்கமுகனுக்கும் ஆருக்குப் பலம் கூட? எத்தனை மடங்கு கூட?" என்று கேட்டான். இப்படியொரு ஐயத்தை இதுவரை எவரும் என்னிடம் எழுப்பியதில்லை.

பின்னர்தான் விடயம் விளங்கியது. அவனும் கூட்டாளிமார் நால்வரும் கந்தபுராணத்தை வைத்து ஒரு விளையாட்டு எழுதுகிறார்கள். இருபது முகங்கள் கொண்ட பகடைக் கட்டை ஒன்றையும் காட்டினான். அதைக் கண்ட எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், "சகுனியிட்டக் கூட இப்பிடி ஒண்டு இருந்திராது" என்றார்.

இவ்வகை விளையாட்டு 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவரால் வெளியிடப்பட்டது. பெயர் டன்ஜன்ஸ் அன்ட் ட்றாகன்ஸ். சிலர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்வர். அது பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளி என்று ஓர் எண் உண்டு. அடிபட அடிபட அது குறையும். பூச்சியமானால் மரணம். கதை சொல்பவரை எங்கள் பயன் சொல்பவரோடு ஒப்பிடலாம். ஆனால் எமக்கு முடிவு தெரியும், அவருக்குத் தெரியாது.

1980 இல் அந்த விளையாட்டுக்காக உலகின் பல சமயங்களின் தெய்வங்களைத் தொகுத்து ஒரு நூல் வெளிவந்தது. கிரேக்கத் தெய்வங்களோடும் எகிப்தியத் தெய்வங்களோடும் இந்திரன், அக்கினி, காளி, விஷ்ணு முதலான எமது தெய்வங்களும் அதில் இடம்பெற்றன. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி அச்சிடப்பட்டிருந்தது. எழுதியவர்கள் பகைமையால் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. அவர்களது விளையாட்டில் எண் இல்லாத ஒன்றுக்கு இடமே இல்லை. ஆனால் உயிர்ப்புள்ளி இட்டால் அது பூச்சியமாகவும் கூடும். அடிமுடி தேடிய இருவரும் அளந்து காணமுடியாத பொருளைப் பதி என்று போற்றும் எமக்கு, இது இழிவுபடுத்தல் என்பதைவிட விளங்கிக்கொள்ளாமை என்றே படுகிறது.

இதை நான் சொன்னபோது மருமகன் விடவில்லை. "சூரனுக்கு ஆயிரத்தெட்டு அண்டம், நூற்றெட்டு யுகம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்? சிங்கமுகனுக்கு ஆயிரம் தலை. முருகனுக்கும் ஆறு முகம், பன்னிரண்டு கை. அதெல்லாம் எண் இல்லையா?" என்றான்.

நியாயமான கேள்விதான். அன்றிரவு நெடுநேரம் யோசித்தேன். சூரபன்மனுடைய எண்கள் தவத்தால் பெற்றவை. சிவபெருமான் வரமாகக் கொடுத்தவை. அவற்றுக்கு ஒரு தொடக்க நாள் உண்டு. ஆகவே முடிவு நாளும் உண்டு. ஆறு முகமும் பன்னிரு கரமும் கூடிக் குறைகின்ற கணக்கல்ல. எம்போன்றோர் மனத்தில் பற்றிக்கொள்ள இறைவன் எடுத்த கோலம் அது. இந்த விடை அவனைத் திருப்திப்படுத்தியதா தெரியாது. "அப்ப முருகனுக்கு எண் போடமாட்டம்" என்று மட்டும் சொன்னான்.

வேடம் ஏற்பதே பிழை என்று வாதிடும் அன்பர்களும் உளர். 2012 இல் ஸ்மைட் என்னும் கணனி விளையாட்டில் காளியின் உருவம் அமைக்கப்பட்ட விதத்தை இந்து அமைப்பினர் கண்டித்தபோது, விளையாடுபவர் தெய்வத்தைத் தம் கையால் ஆட்டுவிப்பதையும் குறையாகக் கூறினர். உருவம் பற்றிய கண்டனத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் வேடம் எமக்கு அந்நியமானதா? கிழக்கிலே பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தில் பதினெட்டு நாள் உற்சவத்திலே பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலம் பூண்டவர்கள் வனவாசம் செல்கிறார்கள். முடிவில் தீ மிதிக்கிறார்கள். கூத்துக் களரியில் இராமனாக நின்றவனை அடுத்த நாள் கடைத்தெருவிலும் இராமன் என்றே அழைப்பவர் உண்டு. ஏற்ற பாத்திரத்துக்காக நோன்பிருத்தல் அங்கே முக்கியம். எல்லாக் கூத்தரும் விரதகாரர் என்று சொல்ல வரவில்லை. சில அண்ணாவிமாரை நானும் கண்டவன்தான்.

அந்நியர் செய்தவை யாவும் தாழ்ந்தவை என்றும் கூறமுடியாது. றிச்சர்ட் கரியட் என்பவர் 1985 இல் அல்டிமா என்னும் கணனி விளையாட்டின் நான்காம் பாகத்தை வெளியிட்டார். அதிலே இறுதியில் கொல்வதற்கு ஓர் அரக்கன் இல்லை. நேர்மை, இரக்கம், தியாகம், பணிவு முதலான எட்டுக் குணங்களைப் பழகி 'அவதாரம்' ஆவதே குறிக்கோள். மூலிகை விற்கும் கண் தெரியாத வியாபாரி ஒருவர் வருவார். காசைக் குறைத்துக் கொடுத்தால் அவருக்குத் தெரியாது. ஆனால் விளையாட்டு அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளும். எம்மிடமிருந்து எடுத்த சொல்லை அவர் தலைகீழாக்கினார் என்பது வேறு விடயம். எமது அவதாரம் மேலிருந்து இறங்குவது. அவருடையது கீழிருந்து ஏறுவது.

அண்மையில், 2020 இல், இந்தியாவின் பூனே நகரத்து இளைஞர்கள் ராஜி என்ற விளையாட்டை வெளியிட்டனர். அங்கே விளையாடுபவர் தெய்வமாக வருவதில்லை. துர்க்கையின் அருள்பெற்ற மானிடச் சிறுமியாகவே அசுரரை எதிர்க்கிறார். இவ்வழி எனக்கு உகந்ததாகத் தோன்றியது. மருமகனிடம் சொன்னபோது அவர்களும் அப்படித்தான் எழுதுவதாகக் கூறினான். வீரவாகுதேவரின் படையில் ஐந்து சாதாரண பூதர்கள்.

எமக்குள் உண்மையான பிணக்கு ஏற்பட்டது முடிவைப் பற்றித்தான். சூரனின் உயிர்ப்புள்ளி பூச்சியமானதும் விளையாட்டு முடிகிறது என்று எழுதியிருந்தான். "அவனுக்கும் எண் போடாதே" என்றேன். "எண் இல்லாட்டில் விளையாட்டு நடக்காது மாமா" என்றான். நான் கந்தபுராணத்தை மீண்டும் எடுத்தேன். போரின் நடுவே முருகப்பெருமான் பேருருவம் காட்டுகிறார். அதைக் கண்ட சூரனின் சினம் கரைந்து, பகைவனின் வாயிலிருந்தே துதி பிறக்கிறது. சற்று நேரத்தில் பகை திரும்பி வருகிறது. கடைசியில் மாமரமாய் நின்றவனை வேல் இரு கூறாக்க, ஒரு கூறு மயில், மற்றது சேவல். வென்றவர் ஒன்றை ஊர்தியாக்கி மற்றதைக் கொடியில் வைத்துக்கொள்கிறார். இதைப் பூச்சியம் என்று எப்படி எழுதுவது?

அவன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து, "சண்டை பிடிச்சு எண்ணைக் குறைக்கலாம், ஆனால் ஒண்டுக்குக் கீழே போகாது, அதுக்குப் பிறகு பகடை உருட்டக் கூடாது எண்டு வைச்சிருக்கிறம்" என்றான்.

அவ்வருடம் எமது வீதியில் நடந்த சூரன் போரில் சூரனை ஆட்டும் இளைஞர்களில் அவனும் ஒருவன். யானைத் தலை மாறிச் சிங்கத் தலை, அது மாறிச் சூரன் தலை. மாலை கருகும்வரை அந்தப் பாரத்தோடு முன்னும் பின்னும் ஓடினார்கள். மறுநாள் பாறணைக்கு வந்தபோது தோள் கன்றிச் சிவந்திருந்தது. இலையில் சோற்றைப் பிசைந்தபடியே, "மாமா, சூரனைச் சுமக்கேக்கை நாங்கள்தான் தோற்கப்போறம் எண்டது எனக்கு மறந்தே போச்சு. சூரனுக்கும் இப்பிடித்தான் மறந்திருக்குமோ?" என்றான். அவனது தாயார் பாயாசம் கொண்டுவந்தார். நான் இன்னும் அவனுக்குப் பயன் சொல்லவில்லை.