பலர் நலனும் ஒருவன் உரிமையும்: ஆற்றுநீர் வழக்குகள் எழுப்பும் அறவியல் வினா

தீயவன் செய்யும் தீங்கினைக் கண்டிப்பது அறவியலுக்கு அரிய காரியமன்று. நற்பணி ஆற்றும் ஒரு பொது நிறுவனம் அப்பணியின் விளைவாகவே பிறர்க்குத் தீங்கிழைக்கும்போதே சிக்கல் தோன்றுகின்றது. நகரத்தின் கழிவுநீரை அகற்றும் பணி அத்தகையது. கொள்ளைநோயிலிருந்து நகரைக் காக்கும் குழாய்கள் ஆற்றிலே முடிவடையுமிடத்து, மேலே வாழ்வோரின் சுகம் கீழே வாழ்வோரின் துன்பமாகின்றது. பலருடைய நலனுக்காக ஒருவருடைய உரிமையைப் பலியிடலாமா என்னும் பழைய வினா, இங்கு நீதிமன்றம் விடை கூறியே தீரவேண்டிய வழக்காக உருப்பெறுகின்றது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வினாவை எதிர்கொண்டு வந்துள்ளமையால், அவ்வழக்குகளை நோக்குதல் பயனுடையதாகும்.

இவ்வகையில் முதலிற் குறிப்பிடத்தக்கது 1858ஆம் ஆண்டின் பேர்மிங்ஹாம் வழக்காகும். பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரம் பெற்று அந்நகரசபை அமைத்த வடிகால்கள், நகரின் மலசலக் கழிவுகளை ரேம் என்னும் ஆற்றிற் கொண்டுபோய்ச் சேர்த்தன. மீன்கள் மடிந்தன, கால்நடைகளுக்கு ஆற்றுநீர் உதவாதாயிற்று. ஆற்றின் கீழ்ப்பகுதியில் நிலமுடையவரான சாள்ஸ் அடர்லியின் முறைப்பாட்டின்பேரில் வழக்கு எழுந்தது. நகரசபையின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இரண்டரை இலட்சம் மக்கள் வாழும் நகரின் வடிகால்களை அடைத்தால் நகர் முழுவதுமே மலக்குழியாகி நோய் பரவும். இப்பேரிடரோடு ஒப்பிடுமிடத்து ஒரு நிலக்காரரின் இடர் எம்மாத்திரம் என அது வினவியது. வாந்திபேதி பலமுறை பேரழிவு விளைத்திருந்த காலம் அது. அதே ஆண்டின் கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றத்தால் லண்டனிற் பாராளுமன்றமே திணறியது. ஆயினும் நீதிபதி பேஜ் வூட் அவ்வாதத்தை ஏற்றாரல்லர். பாதிப்பு இரண்டரை இலட்சம் பேரைச் சார்ந்ததா, தனியொருவரைச் சார்ந்ததா என்பது உரிமையைத் தீர்மானிக்கும் விடயமன்று எனவும், தாம் பொதுமக்கட் பாதுகாப்புக் குழுவாக அங்கு அமரவில்லை எனவும் அவர் கருதினார்.

பெரும்பான்மையோரின் பெரும் இன்பமே அறத்தின் அளவுகோல் என்னும் பெந்தாமின் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்த நாட்டில் இத்தகைய தீர்ப்பு வெளிவந்தமை சிந்தனைக்குரியது. அக்கொள்கையின் நோக்கிலே தீர்ப்பு பிழைபோலத் தோன்றலாம். எனினும் தராசின் தட்டுகளில் வைக்கப்பட்டவை யாவை என ஆராய்தல் வேண்டும். நகரசபை தன் தட்டில் மக்களின் உயிரை வைத்தது. உண்மையில் அதன் முன் இருந்தவை நோய், ஆற்றின் அழிவு என்னும் இரு வழிகள் மாத்திரமல்ல. கழிவைச் சுத்திகரித்து விடுதல், நிலத்திற் பாய்ச்சுதல் முதலிய வேறு வழிகளும் இருந்தன. அவை செலவுமிக்கவை. ஆகவே ஒரு தட்டில் ஆற்றோரத்தானின் உரிமையும், மறு தட்டில் நகரத்தாரின் வரிப்பண மிச்சமுமே இருந்தன எனல் பொருந்தும். சிக்கனத்தை உயிர்த்தேவையென உருமாற்றிக் காட்டுவது பொதுநலம் பேசுவோர் எளிதில் வீழும் மயக்கமாகும். தன் செலவை மற்றொருவன் தலையிற் சுமத்தும் நகரம், மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்ற கான்ற்றின் விதியையும் மீறுகின்றது.

அங்ஙனமாயின் வடிகால்களை உடனே அடைத்துவிடலாமா? உரிமை வேறு, அதனை நிலைநாட்டும் முறை வேறு என்னும் பகுப்பு இங்கு உதவுகின்றது. 1953இற் பதிவான டார்பி வழக்கு இதற்குச் சான்றாகும். டேர்வென்ற் ஆற்றிலே தூண்டிலிடும் சங்கத்தினர், அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவை ஆற்றில் விட்ட டார்பி மாநகரசபை மீதும் வேறு இரு நிறுவனங்கள் மீதும் வழக்குத் தொடுத்தனர். சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டபோது போதுமானதாகவே இருந்தது, சனத்தொகைப் பெருக்கமே குற்றவாளி என மாநகரசபை வாதிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் தடைக்கட்டளையை உறுதிசெய்தது. ஆனால் புதிய நிலையம் அமைக்க அவகாசமளித்து அதன் அமுலாக்கத்தை ஒத்திவைத்தது. நீதி இங்கு காலத்தை வழங்கியதேயன்றி உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை.

இத்தகைய நெருக்குதல்கள் நிலவிய நாட்டிலேயே தீர்வுகளும் தோன்றின. கழிவை உண்ணும் பற்றீரியாக்கள் ஆற்றுநீரின் ஒட்சிசனைக் கவர்வதனாலேயே மீன்கள் மூச்சடைத்து மடிகின்றன. அதே பற்றீரியாக்களைத் தொட்டியிலே காற்றூட்டி வளர்த்து, கழிவு ஆற்றை அடையுமுன்னரே அவற்றுக்கு இரையாக்கும் முறை 1914இல் மான்செஸ்ரரில் அறிவிக்கப்பட்டது. இயலாதென்று கூறப்பட்டது பெரும்பாலும் முயலப்படாததே என்பதை இது உணர்த்தும்.

1989இல் இங்கிலாந்தின் நீர்ச்சேவைகள் தனியார் கம்பனிகளிடம் சென்றபின் வினா வேறு வடிவம் கொண்டது. நதிகளை மாசுபடுத்தியமைக்காக 2017இல் தேம்ஸ் நீர்க்கம்பனிக்கு 2 கோடி பவுணுக்கு மேலாகவும், கடலோர நீர்நிலைகளில் கழிவு விட்டமைக்காக 2021இல் சதர்ன் நீர்க்கம்பனிக்கு 9 கோடி பவுணும் தண்டம் விதிக்கப்பட்டன. இத்தண்டம் எத்துணை பெரிதாயினும் அது திறைசேரியையே சேர்ந்தது. இலாபத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படுமாயின் அது மாசுபடுத்துவதற்கான விலையாகவும் மாறிவிடலாம். தடைக்கட்டளை அத்தகையதன்று; அது செயலையே நிறுத்தச் சொல்கின்றது. வடிகால் பெருக்கெடுத்து வீடொன்று மீண்டும் மீண்டும் மூழ்கிய வழக்கில், பரிகாரம் கண்காணிப்பு அதிகாரியிடமே உளதெனப் பிரபுக்கள் சபை 2003இல் தீர்ப்பளித்தது. இதனைக் காட்டி ஆற்றோரத்தாரின் வழக்குகளும் தடுக்கப்பட்டு வந்தன. மான்செஸ்ரர் கப்பற் கால்வாய் வழக்கில் 2024இல் உயர்நீதிமன்றம் அத்தடையை நீக்கியமை, 1858இன் கோட்பாடு மீண்டும் உயிர்பெற்றதையே காட்டுகின்றது.

ஆயினும் இவ்வழக்குகளின் எல்லையையும் மறத்தலாகாது. அடர்லிக்கு நிலமும், சங்கத்தினருக்கு மீன்பிடி உரிமையும், கால்வாய்க் கம்பனிக்கு உடைமையும் இருந்தன. ஆற்றிற் குளிக்கும் ஏழைச் சிறுவனுக்கு அத்தகைய ஆவணம் எதுவுமில்லை, மீனுக்கு வாயுமில்லை. உடைமையாளனின் உரிமையைக் காத்ததன்மூலம் சட்டம் ஆற்றையும் ஓரளவு காத்தது. உடைமையற்றோனுக்கும் அதே பாதுகாப்பை அளிக்கும் கடன் இன்னும் நிறைவேறவில்லை. எண்ணிக்கையின் பெயரால் ஒருவனின் உரிமை மறுக்கப்படலாகாதெனில், உடைமையின்மையின் பெயராலும் அது மறுக்கப்படலாகாது என்பதே இத்தீர்ப்புகளிலிருந்து அறவியல் பெறவேண்டிய முடிபாகும்.