ரசிகனின் கடன்

"நன்றாக எழுதியிருக்கிறான்" என்று சொல்வதைப்போல எளிய காரியம் வேறில்லை. சொல்லுகிறவனுக்குச் செலவு ஏதும் கிடையாது. எழுதியவன் காதில் அது விழுந்தால் அவனுக்குப் பெருமகிழ்ச்சி. ஆயினும் இந்தச் சொல்லைச் சற்றே நிறுத்தி விசாரித்தால் ஒரு கேள்வி எழுகின்றது. ஒரு படைப்பை மனமாரப் பாராட்டியதும் அதை ஆக்கியோருக்கு நாம் செலுத்த வேண்டியதைச் செலுத்தித் தீர்த்துவிட்டோமா? அல்லது பாராட்டும் அந்தக் கணத்தில்தான் நமது கடன் தொடங்குகின்றதா?

இலக்கிய விசாரம்போலத் தோன்றினும் இது அறத்தைப் பற்றிய கேள்வியே. இதனை இரண்டு கலைகளின் முன்னே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, கணினித் திரையில் ஆடப்படும் ஒரு விளையாட்டு. மற்றது, சபரகமுவ மலைச்சரிவுகளில் தோட்டத் தொழிலாளர் ஆடிவரும் காமன் கூத்து. இவ்விரண்டையும் அருகருகே வைப்பது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். ஆனால் இரண்டிலும் மனிதன் ஒரு வேடம் ஏற்கிறான். கற்பனை உலகொன்றினுள் நுழைகிறான். தன்னுடையதல்லாத துயரமொன்றை அங்கே தன்னுடையதாக்கி அனுபவிக்கிறான். இரண்டிலும் அவனை இழுத்துச் செல்வது சொல்.

முதலில் விளையாட்டைப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டு அக்டோபரில் 'டிஸ்கோ எலிசியம்' என்றொரு வேடமேற்கும் விளையாட்டு வெளிவந்தது. எஸ்தோனியா நாட்டு இளைஞர் சிலர் கற்பனையில் கட்டிய உலகம் அது. புரட்சியொன்று தோற்கடிக்கப்பட்ட நகரம். துறைமுகத் தொழிலாளர் கம்பனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். குடியினால் தன் நினைவையே இழந்த காவல் அதிகாரியொருவன் அங்கே ஒரு கொலையை விசாரிக்கிறான். அந்த அதிகாரியாக விளையாடுவது நாமே. வாளும் துப்பாக்கியும் அங்கே முக்கியமல்ல. என்ன பேசுவது, யாரை நம்புவது, எதற்காக வெட்கப்படுவது என்பவற்றை நாம் தேர்ந்துகொள்கிறோம். அந்தத் தேர்வுக்கேற்பக் கதை நகர்கிறது. ஏறக்குறைய 10 லட்சம் சொற்கள் இதற்காக எழுதப்பட்டன.

விளையாட்டை எழுத்துக்காகக் கொண்டாடுவது இதற்கு முன்பும் நடந்ததுண்டு. 1999இல் வெளிவந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' என்ற விளையாட்டை இன்றும் பலர் நினைவுகூர்வது அதன் எழுத்துக்காகவே. மனிதனின் இயல்பை மாற்றவல்லது எது என்ற கேள்வியை அது விளையாடுவோரின் முன் வைத்தது. அந்த வழியில் வந்த 'டிஸ்கோ எலிசிய'த்துக்கு 2019 டிசம்பரில் ஒரே விழாவில் நான்கு பரிசுகள் கிடைத்தன; சிறந்த கதையாக்கத்துக்கான பரிசும் அவற்றுள் ஒன்று. மேடையேறிய ஆக்கியோர், தமக்கு அரசியற் கல்வி அளித்தமைக்காக மார்க்சுக்கும் ஏங்கெல்சுக்கும் நன்றி கூறினர். உலகெங்கும் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

பின்னர் நடந்தது என்ன? அந்த உலகத்தைச் சிருஷ்டித்தவர்களில் தலையானவரான ராபர்ட் குர்விட்ஸும் வேறு இரு முதன்மைப் படைப்பாளிகளும் 2021இன் இறுதியிலிருந்தே அக்கம்பனியில் இல்லை என்ற செய்தி 2022 அக்டோபரில் வெளிவந்தது. இரு தரப்பினரும் ஒருவர்மேல் ஒருவர் குற்றஞ்சாட்டினர். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் நோக்கமல்ல. ஒன்று மட்டும் தெளிவு. அந்தக் கற்பனை உலகம் சட்டப்படி கம்பனியின் சொத்து. அதைக் கனவு கண்டவன் அதிலே இன்னொரு கதை எழுத விரும்பினால் கம்பனியின் அனுமதி வேண்டும். ரசிகர்களின் பாராட்டு எழுத்தாளரைச் சென்றடைந்தது. அவர்கள் கொடுத்த பணமோ கம்பனியைச் சென்றடைந்தது. எழுத்தை உயிராக நேசித்தவர்களால் எழுதியவர்களைக் காக்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிக்கும் நிபுணர்களிடம் அதன் நிறத்தையும் மணத்தையும் கடுமையையும் வருணிக்க நுட்பமான சொற்கள் பல உண்டு. கொழுந்து பறித்த கையைக் குறிக்க அவற்றுள் ஒரு சொல்லும் இல்லை. அவர்களது ரசனை பொய்யல்ல, உண்மையாகவே சுவைக்கிறார்கள். அந்தச் சுவை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியின்றியே அவர்களால் சுவைக்க முடிகிறது என்பதுதான் விஷயம்.

இனி சபரகமுவவுக்கு வருவோம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்கள் நுவரெலியாவைப்போல ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதில்லை. தேயிலையும் ரப்பரும் கலந்த தோட்டங்கள் அவை; இடையிடையே சிங்களக் கிராமங்கள். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் கொழுந்து பறித்தும் பால் வெட்டியும் வாழ்ந்துவரும் இம்மக்களின் முன்னோர், திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்கள். வருகையில் அவர்கள் கொண்டுவந்த சொத்துக்களுள் ஒன்று காமன் கூத்து.

மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும்போது காமன் கம்பம் ஊன்றப்படும். பெரும்பாலும் முழுநிலவு வரையில் தப்பு முழங்கும். இறுதி இரவில் ரதியும் மன்மதனும் வேடம் பூண்டு ஆட, காமன் தகனத்தோடு கதை முடிவுக்கு வரும். வேடம் ஏற்பது சிலருக்கு நேர்த்திக்கடன். பகல் முழுவதும் மலையில் நின்றவன் இரவில் தேவனாகிறான். விடிந்ததும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க நிற்கிறான்.

கதை எல்லோரும் அறிந்ததே. சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். இருவருக்கும் தர்க்கம் நடக்கிறது. அவன் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். அவள் புலம்புகிறாள். இது வெறும் புராணம்தானே, இதில் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கும் முற்போக்காளர்கள் உண்டு. அவர்கள் கதையை மீண்டும் ஒருமுறை கவனிக்கட்டும். மேலிருந்து கட்டளை வந்தது, கட்டளையிட்டவர்கள் எரியவில்லை, போனவன்தான் எரிந்தான், வீட்டில் இருந்தவள் அழுதாள். கடல் கடந்து ஆள் கட்டி அழைத்துவரப்பட்ட ஒரு சமூகம், தன்னிடமிருந்த எத்தனையோ கதைகளுள் இக்கதையை ஆண்டுதோறும் ஆடியது காரணமின்றி நிகழ்ந்திராது. லயத்து வாசலில் நின்று ரதியின் புலம்பலைக் கேட்கும் கிழவி வானுலகத்துப் பெண்ணுக்காக மட்டும் கண்ணீர் விடுகிறாள் என்று யார் சொல்ல முடியும்?

இக்கூத்தின் ரசிகர்கள் கைதட்டுவதோடு நின்றவர்களல்லர். தஞ்சைப் பகுதியில் இதே காமன் விழாவையொட்டி லாவணிப் பாடகர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டாகப் பிரிந்து, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவிரவாகப் பாட்டிலேயே வாதாடினார்கள். கதையோடு வழக்காடும் அளவுக்கு அதை மதிக்கும் ரசனை அது. தோட்டத்திலோ இன்று பார்த்து நிற்கும் சிறுவன் சில ஆண்டுகளில் வேடம் கட்டுகிறான். பார்ப்பவனுக்கும் ஆடுபவனுக்கும் இடையே மதில் இல்லை. பாட்டு யாருடைய சொத்து என்று கேட்டால் பதில் சொல்லக் கம்பனி எதுவும் இல்லை.

அப்படியானால், கம்பனிக்குச் சொந்தமான எழுத்து துன்பப்படுகிறது, ஊருக்குச் சொந்தமான எழுத்து சுகமாக வாழ்கிறது என்று முடிவுகட்டிவிடலாமா? அவ்வாறு முடிப்பது எளிது, ஆனால் உண்மையாகாது. உரிமையாளன் இல்லாத பாட்டு தன்னைப் பாடும் வாய்களில் வாழ்கிறது. அந்த வாய்கள் சிதறினால் பாட்டும் சிதறும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. 1977இலும் 1981இலும் நிகழ்ந்த இன வன்செயல்கள் சபரகமுவத் தோட்டங்களைத் தாக்கின. பல குடும்பங்கள் லயங்களை விட்டு வவுனியா முதலிய இடங்களுக்குப் போயின. ஒரு கூத்துக்கு ரதியும் மன்மதனும் மட்டும் போதாது; தப்படிப்பவர் வேண்டும், பின்பாட்டுக்காரர் வேண்டும், முழுப்பாட்டும் மனப்பாடமான வாத்தியார் வேண்டும். ஒரு தோட்டத்தில் நாலு குடும்பம் புறப்பட்டால் அங்கே பாட்டின் ஒரு பகுதியும் புறப்பட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்க்கலையின் ரசிகரும் தம் கடனை ஒழுங்காகச் செலுத்தியவர்களல்லர். தப்பின் ஓசையில் உடல் சிலிர்த்தவர்கள், தப்படித்தவரைச் சாதி சொல்லி எட்டி நிற்க வைத்தார்கள். ஒப்பாரி பெண்களின் கலை. பிணத்தின் முன்னே பெண்கள் கட்டிய சொற்கள் அவை. ஆனால் ரதியின் வேடத்தை மரபாக ஆண்களே ஏற்றார்கள். கலையை அணைத்துக்கொண்டு கலைஞரை விலக்கி வைப்பது கம்பனிகள் கண்டுபிடித்த வித்தை அல்ல. அது நம் வீட்டிலேயே வளர்ந்த பழக்கம்.

இங்கே கற்றறிந்தோர் ஒரு தடை எழுப்பக்கூடும். எழுதி முடித்ததும் படைப்பு ஆசிரியனைவிட்டு நீங்கிவிடுகிறது. அவனுடைய வாழ்வையும் நோக்கத்தையும் விசாரிப்பது வாசகனுக்கு வேண்டாத வேலை என்பர். பிரெஞ்சு அறிஞர் ரோலன் பார்த் 1967இல் ஆசிரியனின் மரணத்தையே அறிவித்தார். அக்கருத்தில் உண்மை உண்டு. ஒரு பாட்டின் பொருள் இன்னதுதான் என்று கட்டளையிடும் அதிகாரம் அதைக் கட்டியவனுக்கும் கிடையாது. மன்மதன் கதையைத் தன் பாட்டனின் கதையாகக் கேட்க லயத்துக் கிழவிக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பொருள் சொல்லும் அதிகாரம் வேறு. உழைத்தவரின் உரிமை வேறு. முன்னதை வாசகர் எடுத்துக்கொள்ளலாம். அதைக் காரணங்காட்டிப் பின்னதைப் பறிக்கலாகாது. எழுத்தாளனை அதிகாரத்திலிருந்து இறக்கியபின்பும் அவனுக்குப் பசி இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனால் இலாபமடைகிறவன் வாசகனல்லன். சொத்துப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவனே.

பெயரே தெரியாத கவிகளுக்கு என்ன கடன் செலுத்த முடியும் என்றும் கேட்கலாம். அவர்கள் மறைந்திருக்கலாம், அவர்களுடைய பாட்டைச் சுமப்பவர்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். சபரகமுவத் தோட்டங்களில் இன்றும் இரவு கண்விழித்துப் பாடுகிறவர் மறுநாள் வேலைக்குப் போயாக வேண்டும். நாட்சம்பளமாக 1,000 ரூபாய் சட்டப்படி நிர்ணயிக்கப்பட்டதே 2021இல்தான். அதற்கும் பல ஆண்டுப் போராட்டம் வேண்டியிருந்தது. கூத்தின் எதிர்காலம் பாட்டின் அழகில் மட்டும் தங்கியிருக்கவில்லை. சம்பளத்திலும், வீட்டுக் கூரையிலும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடத்திலும், அச்சமின்றி ஓர் இடத்தில் நிலைத்து வாழும் உரிமையிலும் தங்கியிருக்கிறது. ஆகையால் கூத்தை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு இவற்றில் அக்கறையற்று இருப்பவனின் நேசம் பாதி நேசமே.

கடனைச் செலுத்தியவர்களும் உண்டு. சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்றவர்; தொழிற்சங்கவாதி; கவிஞர். அவர் தோட்டத்து வாய்ப்பாடல்களைச் சேகரித்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் நூலாயிற்று. பாட்டையும் பாடுவோரின் வாழ்வையும் அவர் வெவ்வேறாகப் பார்த்ததில்லை. மாத்தளை வடிவேலன் மலையகக் கூத்துக்களை ஆராய்ந்து எழுதினார். கலையை ரசிப்பதும் கலைஞரின் உரிமைக்காக நிற்பதும் ஒரே செயலின் இரு பகுதிகள் என்பதற்கு இத்தகையோர் சான்று.

சபரகமுவவில் இந்தப் பணி இன்னும் மிச்சமிருக்கிறது. 1995இல் நிறுவப்பட்ட சபரகமுவப் பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது. தோட்டங்கள் அதற்குத் தொலைவில் இல்லை. தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவர்களின் கையில் பாட்டைப் பதிவுசெய்யும் தொலைபேசியும் இருக்கிறது. அந்த மாணவர்களில் எவரேனும் திரை விளையாட்டொன்றின் எழுத்தில் மயங்கியிருந்தால் அவரைப் பரிகசிக்க வேண்டாம். அது நல்ல தொடக்கம். அதை எழுதியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பிறகு தம் தோட்டத்துக் கூத்து வாத்தியாரின் வாசலுக்கும் அதே கேள்வியோடு போகச் சொல்லுங்கள். பாட்டை எழுதிக்கொள்ளும்போது, அவர் இசைந்தால், பாடியவரின் பெயரையும் செய்த வேலையையும் யாரிடம் கற்றார் என்பதையும் சேர்த்து எழுதட்டும். தப்படித்தவரின் பெயரும் ஒப்பாரி சொல்லித்தந்த தாயின் பெயரும் அதே பக்கத்தில் இடம்பெறட்டும். இதுவரை அந்தப் பெயர்களை ஒழுங்காக எழுதிவைத்த ஏடு தோட்டத்துச் செக்ரோல் ஒன்றுதான்.