வெள்ளித் திரையும் இருட்டறையும்

தூதுவர் சென்று தட்டியும் திறவாத கதவுகளைத் திரைப்படம் திறந்ததுண்டு. 1954-ஆம் ஆண்டு ராஜ்கபூரின் 'ஆவாரா' சோவியத் நாட்டுக் கொட்டகைகளுக்குச் சென்றது. இந்தி மொழி அறியாத மக்கள் கோடிக்கணக்கில் திரண்டு அதனைக் கண்டனர். தெருவில் திரியும் ஓர் ஏழையின் துயரைத் தம் துயராக எண்ணினர். எந்த ஒப்பந்தம் அதைச் சாதித்திருக்க முடியும்? படை புகாத இடத்தில் பாட்டு புகுந்தது!

இந்த வலிமைக்கு அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் நை 1990-ஆம் ஆண்டு ஒரு பெயர் சூட்டினார். தமிழில் மென்னாற்றல் எனலாம். அச்சுறுத்திப் பணிய வைப்பது வன்மை. பணம் தந்து இணங்க வைப்பது வாணிகம். கவர்ந்து, தாமே விரும்பிப் பின்தொடரச் செய்வது மென்னாற்றல்.

இந்த ஆற்றலை அயல்நாட்டு உறவுக்கு மட்டுமன்றி, பயங்கரவாதத்தை ஒடுக்கும் கூட்டு முயற்சிக்கும் பயன்படுத்த வேண்டும் என்கின்றனர். பயங்கரவாதிக்கு எல்லைக்கோடு இல்லை. எனவே நாடுகள் கைகோத்தாக வேண்டும். கைகோக்க நம்பிக்கை வேண்டும். நம்பிக்கையைத் திரைப்படம் வளர்க்கும். இதுவே அவர்தம் வாதம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. கேட்டவுடன் தலையசைத்து விடலாமா? ஓர் அரசு தன் செயலுக்கு உலகின் ஒப்புதலைப் பெறுவதற்காகக் கலையை அழைக்கும்போது, அந்த அழைப்பை ஏற்பது அறமாகுமா? அங்ஙனம் பெறும் ஒப்புதல் நிலைக்குமா? நாம் ஆராய வேண்டிய வினா இது.

"கலையில் கொள்கைக்கு இடமில்லை" என்று கூறி இந்த வினாவைத் தட்டிக் கழிக்க நம்மால் முடியாது. திரையை மேடையாக்கிய இயக்கம் நம்முடையது. 1949-இல் 'வேலைக்காரி' வந்தது. 1952-இல் 'பராசக்தி' வந்தது. பிரச்சாரப் படம் என்று அன்று பலர் முகஞ்சுளித்தனர். தடை செய்க என்ற குரலும் எழுந்தது. ஆம், பிரச்சாரந்தான் என்று நெஞ்சு நிமிர்த்திச் சொன்ன மரபில் வந்தவர் நாம். ஆகவே, பிரச்சாரம் என்ற ஒன்றையே குற்றமாக்கி வல்லரசுகளின் படங்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. வேறுபாடு எங்கே இருக்கிறது என்று காட்டியாக வேண்டும். காட்டாமற் போனால், ஆளுக்கொரு நீதி வகுத்த மனுவின் வழியில் நாமும் நடந்தவராவோம்!

வேறுபாட்டை நாம் இங்கே காண்கிறோம். 'பராசக்தி' குற்றவாளிக் கூண்டில் நின்றவனைப் பேச வைத்தது. கேள்வி கேட்கப்பட வேண்டியவன் சமுதாயத்தைக் கேள்வி கேட்டான். வலியவரை நோக்கி எளியவன் எழுப்பும் கேள்வி, பிரச்சாரமானாலும் அறமே. தம்மை எவரும் கேளாதபடி வலியவர் விரிக்கும் திரை, கலையானாலும் அறமன்று. இந்த அளவுகோலை வைத்து மூன்று படங்களை அளந்து பார்ப்போம்.

முதலாவது, 1954-இல் பிரிட்டனில் உருவான 'அனிமல் ஃபார்ம்' என்னும் சித்திரப்படம். ஜார்ஜ் ஆர்வெல் 1945-இல் வெளியிட்ட கதை அது. ஆண்டையை விரட்டிய பண்ணை விலங்குகளிடையே பன்றிகள் புதிய ஆண்டைகளாகின்றன. இறுதியில், பன்றி எது, மனிதன் எது என்று பிரித்தறிய முடியாமல் மற்ற விலங்குகள் திகைக்கின்றன. பழைய ஆண்டையும் புதிய ஆண்டையும் ஒன்றே என்பதுதான் கதையின் கூர்முனை. படத்தில் அந்த முனை மழுங்கிற்று. மனிதர் இறுதிக் காட்சியிலிருந்து மறைந்தனர். விலங்குகள் பன்றிகளை எதிர்த்து எழுவதோடு படம் முடிந்தது. பின்னின்று பணம் தந்தது யார்? அமெரிக்க மத்திய உளவு நிறுவனம்! நெடுங்காலம் கழித்தே உலகம் அதை அறிந்தது. சோவியத் ஆட்சியைக் கண்டித்தது தவறன்று. கண்டிக்கத்தக்கவை அங்கே நிரம்ப இருந்தன. ஆனால் ஆர்வெல் இரு பக்கமும் வீசிய வாளில் ஒரு பக்கத்தை உறையிட்டு மூடியது ஏன்? அந்தப் பக்கம் பணம் தந்தவரை நோக்கியிருந்தது!

இரண்டாவது, 2012-இல் வெளிவந்த 'ஜீரோ டார்க் தர்ட்டி'. ஒசாமா பின் லேடன் தேடிப் பிடித்துக் கொல்லப்பட்ட வரலாற்றைக் கூறும் படம்; கேத்ரின் பிகலோ இயக்கியது. தொடக்கத்தில் திரை முழுதும் இருள். அந்த இருளில், 2001 செப்டம்பர் 11 அன்று சிக்கிக் கொண்டோரின் குரல்கள். ஏறத்தாழ 3,000 உயிர்களைப் பறித்த கொடுமை அது. கேட்போர் உள்ளம் குமுறாதிருக்குமா? குமுறல் அடங்குமுன் அடுத்த காட்சி: மறைவான சிறை; கயிற்றில் கட்டுண்ட ஒருவன்; அவன்மீது சித்திரவதை. முதற் காட்சியின் துயரம் இரண்டாம் காட்சியின் கொடுமைக்கு நம்மையறியாமல் இசைவு தரச் செய்கிறது. வதைத்ததால் துப்புக் கிடைத்தது என்ற எண்ணத்தோடு மக்கள் கொட்டகையை விட்டு வெளியேறினர்.

அது மெய்தானா? 2012 டிசம்பரில் ஃபைன்ஸ்டைன், லெவின், மெக்கெய்ன் என்னும் மூன்று செனட்டர்கள், படம் தவறான எண்ணத்தை விதைக்கிறதென்று படநிறுவனத்துக்கு எழுதினர். மெக்கெய்ன், வியட்நாமில் போர்க்கைதியாய் இருந்து சித்திரவதையைத் தம் உடலில் தாங்கியவர். 2014 டிசம்பரில் வெளியான செனட் உளவுக் குழுவின் அறிக்கைச் சுருக்கமும், அத்தகைய விசாரணை முறைகள் பயன் தரவில்லை என்றே முடிவு கூறிற்று. படத்தின் கதாசிரியர் உளவு நிறுவனத்தாரோடு கலந்து பேசியதும், கைதிமீது நாயை ஏவும் காட்சி ஒன்று நீக்கப்பட்டதும் அந்நிறுவனத்தின் குறிப்புகளாலேயே பிற்பாடு வெளிவந்தன. வதைத்தவரே வதை பற்றிய கதைக்கு ஆலோசகர்! கொலையாளியைக் கேட்டுக் கொலைவழக்கின் தீர்ப்பை எழுதலாமா?

"நாட்டைக் காக்க அதுவும் வேண்டியதுதானே" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வரலாறு சொல்வோம். இப்னு அல்-ஷேக் அல்-லிபி என்பவரை அமெரிக்க உளவு நிறுவனம் எகிப்து அரசிடம் ஒப்படைத்தது. நாடுகளின் ஒத்துழைப்பு! வதை பொறுக்காத அவர், அல்-காயிதாவுக்கு இரசாயன, உயிரியல் ஆயுதப் பயிற்சியை ஈராக் அளித்ததாகக் கூறினார். அந்தச் சொல், 2003 பிப்ரவரி 5 அன்று ஐக்கிய நாடுகள் மன்றத்தில் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஆற்றிய உரையில் சான்றாக ஏறிற்று. மறுமாதமே ஈராக்மீது போர். 2004-இல் அல்-லிபி தாம் சொன்னதை மறுத்தார். அதற்குள் எத்தனை ஊர்கள் எரிந்தன! வதை உண்மையைக் கறக்கும் என்ற மூடநம்பிக்கை, வேப்பிலை அடித்தால் பேய் இறங்கும் என்ற மூடநம்பிக்கையின் உடன்பிறப்பு. அடிபடுபவர், அடிப்பவர் கேட்க விரும்புவதைச் சொல்கிறார். அடிப்பவர் அதையே மெய்யென்று கொண்டாடுகிறார்.

மூன்றாவது, 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்'. 1962-இல் பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து விடுதலை பெற்ற அல்ஜீரியாவில், இத்தாலியரான ஜில்லோ பொந்தெகோர்வோ இயக்கி, 1966-இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற படம். உருவாக்கியவர்களில் ஒருவரான சாதி யாசெஃப், விடுதலைப் போரில் ஈடுபட்டுப் பிரெஞ்சு நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் உயிர் தப்பியவர், படத்திலும் நடித்தார். வென்றவர் தரப்புப் படம்; ஐயமின்றிப் பிரச்சாரப் படம். ஆனால் அது செய்ததைப் பாருங்கள். பிரெஞ்சுப் படையின் சித்திரவதையைக் காட்டிய அதே படம், விடுதலை வீரர்கள் வைத்த வெடிகுண்டையும் காட்டிற்று. குண்டு வெடிக்கப் போகும் கடையில் ஒரு சிறு குழந்தை ஐஸ்கிரீம் சுவைத்துக் கொண்டிருப்பதையும் காட்டிற்று! பகைவரின் படைத்தலைவன் தன் நியாயத்தைத் தெளிவாக எடுத்துரைக்கவும் இடந்தந்தது. கூண்டில் நிற்கும் எல்லோரையும் பேசவிட்ட படம் அது. பிரெஞ்சு நாட்டில் பல ஆண்டுகள் அதனைத் திரையிட விடவில்லை. விடாததாலேயே அதன் புகழ் ஓங்கிற்று.

2003 ஆகஸ்ட் 27 அன்று அந்தப் படம் வேறோர் இடத்தில் ஓடிற்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனில்! பயங்கரவாதிகளைப் போரில் வென்றும் கருத்துப் போரில் தோற்பது எங்ஙனம் நிகழ்கிறது என்பதைக் காண வாருங்கள் என்று அதிகாரிகளை அழைத்தனர். அறிவுடைய அழைப்பு. கண்டனர், கலைந்தனர். அதே ஆண்டின் இறுதி மாதங்களில், ஈராக்கின் அபு கிரைப் சிறையில் அமெரிக்கப் படையினர் கைதிகளை ஆடை களைந்து இழிவுபடுத்தினர். தாமே படமும் பிடித்தனர். 2004 ஏப்ரலில் அந்தப் படங்கள் உலகெங்கும் பரவின. ஹாலிவுட் பல்லாண்டு பாடுபட்டுத் தேடித்தந்த நற்பெயரைச் சில புகைப்படங்கள் சாம்பலாக்கின. நல்ல படம் பார்த்தவரையெல்லாம் நல்லவராக்கி விடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? செயல் அழுகியிருந்தால், திரை எத்தனை வெண்மையாய் இருந்தென்ன?

நம் அண்டையிலும் ஒரு பாடம் உண்டு. 2008 நவம்பரில் மும்பையில் 166 பேரைப் பயங்கரவாதிகள் கொன்றனர். 2015-இல் வந்த 'ஃபாண்டம்' என்ற இந்திப் படம், அதன் சூழ்ச்சிக்காரரை இந்திய உளவாளிகள் தேடிக் கொல்வதாகக் கதை புனைந்தது. கைதட்டல் கிடைத்தது. அத்தாக்குதலில் குற்றஞ்சாட்டப்பட்ட ஹஃபீஸ் சயீத் தொடுத்த வழக்கில், லாகூர் உயர்நீதிமன்றம் அந்தப் படத்தைப் பாகிஸ்தானில் தடை செய்தது. திரையில் தண்டனை முடிந்தது. தரையில் அவர் உலவிக் கொண்டிருந்தார். பயங்கரவாதத்துக்குச் செல்லும் பணத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு நிதி நடவடிக்கைப் பணிக்குழு, 2018 ஜூனில் பாகிஸ்தானைத் தன் சாம்பல் பட்டியலில் சேர்த்தது. அந்த நெருக்குதல் நிலவிய காலத்தில்தான், 2020 பிப்ரவரியில், பயங்கரவாத நிதி வழக்கில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மும்பைக் கொலைகளுக்கான தண்டனை அன்று அது. எனினும், கற்பனைத் துப்பாக்கி செய்யாததைக் கணக்கேடு செய்தது!

அதே 2015-இல் வந்த 'பஜ்ரங்கி பாய்ஜான்', வழிதவறிய பேச முடியாத பாகிஸ்தான் சிறுமியை ஓர் இந்தியன் அவள் வீட்டில் சேர்ப்பதைக் கூறிற்று. பாகிஸ்தானிலும் ஓடிற்று, அங்குள்ளோரும் விரும்பிக் கண்டனர். 2019-இல் புல்வாமா தாக்குதலும் பாலகோட் குண்டுவீச்சும் நிகழ்ந்ததும் இந்தியப் படங்கள் அங்கே நிறுத்தப்பட்டன. இது மென்னாற்றலின் அளவையும் காட்டுகிறது. படம் பகையைத் தணிக்கலாம். எதிரே இருப்பவர் மனிதர் என்று நினைவூட்டலாம். சாட்சியைக் கொணர்வதும், கணக்கைத் திறப்பதும், குற்றவாளியை ஒப்படைப்பதும் அதன் வேலையல்ல. அவற்றை அரசுகள் செய்யாதபோது, படம் வெறும் பந்தல். உள்ளே மணமக்கள் இல்லை.

ஆகவே, தோழர்களே, நாட்டின் பெயரால் வரும் படம் என்பதற்காக வணங்கவும் வேண்டா. பிரச்சாரம் என்பதற்காக வெறுக்கவும் வேண்டா. சாமி ஊர்வலத்தைக் கண்டு, இதற்குப் பணம் யார் தந்தது என்று கேட்கப் பழகிய நாம், திரையைக் கண்டும் கேட்போம். இதற்குப் பணம் யார் தந்தார்? யாரைப் பேசவிட்டார்? யாருடைய வாயைக் கட்டினார்? கதையில் வெட்டியெறிந்தது எதை? நம் பக்கத்துப் படமாயின், இந்தக் கேள்விகளை இன்னும் உரக்கக் கேட்போம்.

கொட்டகையும் இருட்டறைதான். அங்கே விளக்கை அணைப்பது, திரையின் ஒளி தெளிவாகத் தெரிவதற்காக. வதைக்கூடத்தில் விளக்கை அணைப்பது, எவருக்கும் எதுவும் தெரியாமலிருப்பதற்காக. முன்னதைப் பின்னதற்கு வாடகைக்கு விடுவோரை நாம் கலைஞர் என்று அழைக்க மாட்டோம். கூண்டில் நிற்பவனைப் பேசவிடும் கலை எந்த நாட்டில் பிறந்தாலும் நம்முடையதே. அது இரு நாட்டு மக்களிடையே வளர்க்கும் நம்பிக்கையே, நீதியோடு கூடிய ஒத்துழைப்புக்கு அடிக்கல்லாகும்.