தொண்டு செய்பவருக்கு அதிகாரம் எதற்கு?

பழவேற்காடு ஏரியில் இறாலுக்கு யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்கு ஒரு முறை உண்டு. ‘பாடு’ என்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவ மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் நீரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஊருக்குள் சண்டை வராமல் காக்கும் நல்ல ஏற்பாடு. ஆனால் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பழங்குடிப் பெண்ணுக்கு அந்தப் பாட்டில் பங்கு கிடையாது. ஏரி அவளுக்கும் தெரியும், உரிமைதான் இல்லை.

அறிவு ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கும் இந்த நிலை, நம் மருத்துவத்திலும் உண்டு. அங்கே அறிந்தும் கைகட்டி நிற்பவர் செவிலியர்.

கோட்டைக்குப்பம் போன்ற ஒரு கரையோர ஊரை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோயுள்ள மீனவர் ஒருவர் காலில் சிப்பி கிழித்த காயம் ஆறவில்லை. வீட்டுக்கு வரும் செவிலியர் பார்த்ததுமே ஆபத்தைப் புரிந்துகொள்கிறார். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் மாற்ற முடியாது. “பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போங்க அண்ணே” என்றுதான் சொல்ல முடியும். போனால் ஒரு நாள் தொழில் போகும். அதனால் மீனவர் போகமாட்டார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது. பெரிய சாதனை அது. முடிவெடுக்கும் அதிகாரம் மட்டும் இன்னும் வாசலுக்கு வரவில்லை.

அமெரிக்காவில் அந்த அதிகாரத்தோடு ஒரு பணி இருக்கிறது: குடும்ப நல நர்ஸ் பிராக்டிஷனர். குழந்தை முதல் முதியவர் வரை ஒரு குடும்பம் முழுவதையும் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதித் தருபவர். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கான முதல் பயிற்சியைக் குழந்தை நலத்தில் தொடங்கினார்கள். மருத்துவர் எட்டிப் பார்க்காத ஊர்களில் சுகாதாரச் செவிலியராக அலைந்தவர் ஃபோர்டு. இன்று இப்பணிக்கு முதுநிலைப் படிப்பே போதும் என்றாலும், பலர் செவிலியப் பணிக்கான முனைவர் பட்டம் வரை போகிறார்கள். ஆய்வேட்டை மையமாகக் கொண்ட பிஎச்.டி. அல்ல இது. இளநிலைக்குப் பின் குறைந்தது 1000 மணி நேரம் களப்பயிற்சி கேட்கும் படிப்பு.

இப்படி ஒரு படிப்புக்கு ஆசைப்படும் செவிலியரிடம் நம் ஊரில் ஒரு கேள்வி வந்து விழும்: “சேவை செய்ய வந்தவளுக்கு டாக்டர் பட்டம் எதற்கு?” கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. தொண்டு என்றால் பணிவு, பணிவு என்றால் பதவி நாடாமை என்ற நம்பிக்கை நம் சமயங்கள் அனைத்திலும் ஊறியிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதிலையும் அங்கேயே தேடுவது நியாயம்.

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் ‘மருந்து’. அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர். நான்காமவரை மருத்துவரின் ஏவலாளாக அவர் அடக்கிவிடவில்லை. தனிக் கூறாகவே வைக்கிறார். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, கவனிப்பவருக்கு வேண்டிய குணங்களில் அன்பு, தூய்மையோடு பணியறிவையும் திறமையையும் சேர்க்கிறது. பௌத்த விநய நூல் இன்னும் துல்லியமானது. கழிவின் நடுவே கவனிப்பாரற்றுக் கிடந்த துறவி ஒருவரைப் புத்தரும் ஆனந்தரும் கழுவித் தூக்கிப் படுக்கவைத்த நிகழ்ச்சி அதில் வருகிறது. அதை ஒட்டியே, நோயாளியைப் பேணத் தகுதியுள்ளவர் யார் என்ற பட்டியலும் வருகிறது. மருந்தைத் தயாரிக்கத் தெரிய வேண்டும். நோயாளிக்கு எது ஆகும், எது ஆகாது என்று அறிந்து, ஆகாததை விலக்க வேண்டும். ஆதாயத்துக்காக அல்லாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், வாந்தியைக் கண்டு முகம் சுளிக்கக் கூடாது. அன்பும் முடிவெடுக்கும் அறிவும் அங்கே ஒரே ஆளிடம் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து, அன்பைச் செவிலியருக்கும் முடிவை மருத்துவருக்கும் கொடுத்தது பிற்காலப் பழக்கம். அதற்குப் பக்தியின் பெயரைச் சூட்டுவது தவறு.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. எளிதில் தள்ளிவிடக் கூடாது. பணக்காரருக்கு மருத்துவர், ஏழை மீனவருக்குச் செவிலியர் என்று ஆகிவிடாதா? 1946இல் இந்தியச் சுகாதாரத்தை ஆராய்ந்த போர் (Bhore) குழு இதே அறக் கவலையோடுதான் எல்.எம்.பி. என்ற குறுகிய கால மருத்துவப் படிப்பைக் கைவிடச் சொல்லி, நாடு முழுவதற்கும் ஒரே தரத்து மருத்துவர் போதும் என்றது. நோக்கம் உயர்ந்தது. விளைவு வேறு: ஒரே தரத்து மருத்துவர்கள் உருவானார்கள், பெரும்பாலும் நகரங்களிலேயே தங்கினார்கள். ஆக, ஏழைக்கு அரைகுறைப் பயிற்சி கூடாது என்ற அக்கறை மெய்யானால், அது செவிலியரின் படிப்பை ஆழப்படுத்தத் தூண்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்கான நியாயம் இதுதான். நியூயார்க்கில் 1316 நோயாளிகளை வைத்து நடந்து 2000இல் வெளியான ஓர் ஆய்வில், நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு மருத்துவருக்குரிய அதே அதிகாரம் தரப்பட்டது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு தரப்பு நோயாளிகளின் உடல்நிலையும் ஒப்பிடத்தக்கதாகவே இருந்தது.

இந்தியாவில் கதவு முழுக்க மூடியிருக்கவில்லை. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் கொண்டுவந்திருக்கிறது. மகப்பேற்றுக்கான பயிற்சியும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆவது பிரிவில், சமூக சுகாதாரப் பணியாளர் வரம்புக்குட்பட்டு மருந்து எழுதவும் வழி செய்தது. ஐ.சி.யு.வுக்கும் பிரசவ அறைக்கும் யோசித்தாயிற்று. குடும்பத்துக்கும் முழுமையாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் அதற்கு வேண்டிய வேர் இருக்கிறது. இந்தியாவில் செவிலியத்துக்கு இளங்கலைப் பட்டம் முதலில் தொடங்கிய இரண்டு இடங்களில் ஒன்று வேலூர் சி.எம்.சி.; ஆண்டு 1946. அந்த மரபுள்ள மாநிலம் குடும்ப நலச் செவிலியத்துக்கு ஒரு முனைவர் படிப்பை இங்கேயே தொடங்க வேண்டும். மருந்து எழுதும் உரிமையைச் சட்டத்தில் தெளிவாக எழுதித் தர வேண்டும். களப்பயிற்சியைக் கோட்டைக்குப்பம் போன்ற ஊர்களில் வைக்க வேண்டும். படிக்க விரும்பும் பெண்ணிடம் ‘எதற்கு’ என்று கேட்பதை நாமும் நிறுத்திக்கொள்வோம்.