பந்தியை யார் கூட்டுவது?

யூலை 26 மன்னாரில் எங்கள் ஊரான வங்காலையின் புனித ஆனாள் திருநாள். அதற்குப் போய்ச் சேரக்கூடியதாக ரொறன்ரோவிலுள்ள தங்கச்சிக்குக் கூழ்ச் சாமான் அனுப்புவேன்: ஒடியல் மா, செத்தல் மிளகாய்த்தூள், பழப்புளி, மொறுமொறுவென்று காய்ந்த கூனி இறால். மீன், நண்டு, மரவள்ளி, பயற்றங்காய், பிலாக்கொட்டை எல்லாம் அவள் அங்கே வாங்குவாள். மாவை ஊறவிட்டு, மேல் தண்ணீரை வடித்துக் கசப்புப் போக்குவதும் அவள் கை வேலைதான்.

போன வருடம் தொலைபேசியில் கேட்டாள்: “அக்கா, நான் இஞ்ச தனியக் காய்ச்சிக் குடிச்சா அது எங்கட கூழா? உங்களோட குடிச்சதா அது ஆகுமா?”

மறைக்கல்வி படிப்பிக்கிறவள் நான். அந்தக் கேள்வியை என்னால் இலேசாகத் தள்ளிவிட முடியவில்லை. ஒரே பந்தியில் இராதவர்கள் ஒரே விருந்தில் பங்குபெற முடியுமா என்பது திருச்சபை தன் தொடக்ககாலம் முதல் எதிர்கொண்ட கேள்வி. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் உரோமையிலிருந்து எழுதிய புனித ஜஸ்டின், ஞாயிறு வழிபாட்டுக்கு வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் நற்கருணையைக் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொல்கிறார். வராதவருக்கும் அந்தப் பந்தியில் ஒரு பங்கு இருந்தது.

416இல் திருத்தந்தை முதலாம் இன்னசென்ட், குப்பியோ நகர ஆயருக்கு எழுதிய கடிதம் இன்னும் ஒருபடி போகிறது. தம் மக்களை விட்டு வர முடியாத உரோமை நகரக் குருக்கள் தம்மோடுள்ள ஒன்றிப்பிலிருந்து பிரிந்துவிட்டதாக எண்ணக்கூடாதென்று, ஞாயிறுதோறும் தாம் அர்ப்பணித்த அப்பத்தில் ஒரு துண்டை அவர்களுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார். ஆனால் தூர இடங்களுக்கு அனுப்பவேண்டாம் என்கிறார். அங்கேயுள்ள குருக்களுக்கே திருப்பலி நிறைவேற்றும் உரிமை உண்டு என்பது அவர் சொல்லும் காரணம்.

கூழ் அருட்சாதனம் அல்ல. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. என்றாலும் அந்தக் கடிதம் எனக்கு வழி காட்டுகிறது. தூரத்திலிருப்பவருக்கு எங்கள் பந்தியின் மிச்சம் தேவையில்லை. தானே பந்தி கூட்டும் உரிமைதான் தேவை.

இழப்பு இல்லையென்று நான் சொல்லமாட்டேன். 2020இல் கோவில்கள் பூட்டியிருந்தபோது தொலைக்காட்சியில் பூசை கண்டோம். செபித்தோம், ஆனால் நன்மை எடுக்கவில்லை. அந்தப் பசி உண்மையானது. 1990இல் போருக்குத் தப்பி, கடல் கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமுக்குப் போன எங்கள் சனங்களுக்கும் அப்படி ஒரு பசி இருந்தது. உடலோடு பக்கத்தில் இருப்பதற்கு ஈடாக எதையும் பார்சலில் கட்ட முடியாது.

அதனால் தங்கச்சிக்கு இப்படிச் சொன்னேன்: “தனியக் காய்ச்சாத. பக்கத்து வீட்டாக்களக் கூப்பிடு, எந்த ஊராக்களா இருந்தாலும் பரவாயில்ல. கடைசியா வாறவருக்கும் ஒரு கோப்பை மிச்சம் வை. அப்ப அது எங்கட கூழ்தான்.”

கூழ் ஒருவருக்கென்று காய்ச்சுகிற சாப்பாடே அல்ல. மீனும் நண்டும் கிழங்கும் சேர்ந்தால் பானை தானாகவே பெருகும். குடிக்க ஆட்கள் வேண்டும். எங்கள் கூழை எங்கள் கூழ் ஆக்குவது அந்தக் கூட்டம்தான்.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளின் சமையலைப் பார்த்து “இது ஊர்ச் சாப்பாடு மாதிரி இல்லை” என்று சொல்லும் எங்கள் பழக்கம் எனக்குப் பிழையாகவே படுகிறது. அங்கத்தைய மீன் வேறு, தண்ணீர் வேறு; ருசியும் வேறாகத்தான் இருக்கும். ஊரை அப்படியே அனுப்பிவைக்க எவராலும் முடியாது. இருக்கிற இடத்தில் அவர்களே ஊராக இருக்கலாம் என்ற உரிமையை நாங்கள் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மையான ஒன்றிப்பு அங்கேதான் தொடங்குகிறது.